லட்சியம் முதலில் வருவதில்லை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரே கேள்வி ஒலிக்கிறது: உனக்கு என்னதான் விருப்பம்? கேட்பவர்கள் பெற்றோர், மாமா, சித்தப்பா. இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளை பதில் தெரியாமல் விழித்தால், அதை அந்தப் பிள்ளையின் குறையாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போய் ஐந்தாண்டு, பத்தாண்டு ஆனவர்களையும் இதே கவலை விடுவதில்லை. 'இது என் பிறவிக்கான வேலைதானா?' என்ற ஐயத்தோடு ஞாயிற்றுக்கிழமை இரவைக் கழிப்பவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் உண்மையான லட்சியம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று தன்முன்னேற்ற நூல்களும் யூடியூப் பேச்சாளர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதுடன், இளைஞர்களுக்குக் கெடுதலும் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாழ்க்கையின் நோக்கம் மனத்துக்குள் முழு உருவத்தோடு காத்திருப்பதில்லை. வெளியே இருக்கும் ஒரு தேவையைக் கையில் எடுத்து, நெடுநாள் உழைத்து, அந்த உழைப்பில் தேர்ச்சி கூடக்கூடத்தான் அது உருப்பெறுகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர் அவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனது சிறுவயதிலேயே அவர் மனத்தில் பதிந்திருந்தது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அங்கே கடுமையான முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் மடங்கித் திருகிக்கொண்டன. 1948இல் ராணுவம் அவரை விடுவித்தது. நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிரசவம் பார்க்கும் மருத்துவராகும் வழி அத்தோடு அடைபட்டது. இன்றைய அறிவுரையாளர்களின் கணக்கில், முப்பது வயதிலேயே உண்மையான லட்சியத்தைப் பறிகொடுத்துவிட்டவர் அவர். இனி எதைச் செய்தாலும் அது இரண்டாந்தரமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. கண் மருத்துவம் அவர் ஆசைப்பட்டுத் தேர்ந்த துறை இல்லை. உடல் அவருக்கு விட்டுவைத்த துறை. வளைந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். 1954இல் முதுநிலைப் பட்டம் பெற்று, 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அந்தப் பணியில் இருந்தபோதுதான் கிராமங்களில் கண்புரையால் பார்வை இழந்து, அதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு மூலையில் முடங்கிக் கிடந்த முதியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிது என்பது அவருக்குத் தெரியவந்தது. அவர்களால் மருத்துவமனைக்கு வர முடியாது என்பதால் கண் சிகிச்சை முகாம்களை ஊர்களுக்குக் கொண்டுபோனார். ஓய்வுபெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் தொடங்கியது. பணம் கட்ட முடிந்தவர்கள் தரும் கட்டணத்தைக் கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு அங்கே நிலைபெற்றது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் இறக்குமதிச் சரக்காக, ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிலையமும் தொடங்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தம் கையாலேயே செய்த வெங்கடசாமி 2006இல் காலமானார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்ற நோக்கம் அவருக்குக் கண் மருத்துவத்துக்கு வருவதற்கு முன் இருந்ததில்லை. அந்த வேலையில் கால் நூற்றாண்டு இருந்ததால் விளைந்தது அது.

தமிழ்ப் பதிப்புலக வரலாறும் இதையே சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஏராளமாகப் படித்தவர். அதே ஆண்டு அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டுச் சற்றும் வியக்காமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். ஐயர் படித்ததில்லை. இந்தச் சந்திப்பை அவரே 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த அவர், சமணக் காப்பியமான சிந்தாமணியைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து 1887இல் நூலை வெளியிட்டார். அதன்பின் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. முதலியாரைச் சந்திப்பதற்கு முந்தைய நாள் ஐயர் தம் மனத்தை எவ்வளவு ஆழமாகத் துருவியிருந்தாலும், பழந்தமிழ் நூல்களைச் சுவடியிலிருந்து மீட்பதே தம் வாழ்க்கைப் பணி என்ற விடை கிடைத்திருக்காது. தேடுவதற்கு அது அப்போது உள்ளே இருக்கவில்லை.

இங்கேதான் 'உள்ளே தேடு' என்ற அறிவுரையின் அடிப்படைக் கோளாறு தெரிகிறது. பார்த்திராத ஒன்றை யாரும் விரும்ப முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை அருகிலிருந்து பார்த்த தொழில்கள் எத்தனை? ஆசிரியர், மருத்துவர், காவலர், கடைக்காரர், விவசாயி, கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், திரையில் நடிகர், மைதானத்தில் கிரிக்கெட் வீரர். நிலத்தடி நீரை அளப்பவர், கல்வெட்டுப் படிப்பவர், செயற்கைக் கால் வடிவமைப்பவர், செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பேசக் கற்றுத்தருபவர் போன்றோரை அந்தப் பிள்ளை சந்தித்தே இருக்காது. மனத்துக்குள் எவ்வளவு தோண்டினாலும், வெளியிலிருந்து உள்ளே போனதுதானே கிடைக்கும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு வேலையின் நுட்பமான இன்பங்கள் அதில் தேர்ச்சி பெற்றவருக்கே புலப்படும். பாடபேதம் பார்ப்பதில் என்ன சுவை என்பது பத்துச் சுவடிகளை ஒப்பிட்டவருக்குத்தான் தெரியும். விருப்பம் இருந்தால் தேர்ச்சி வரும் என்கிறோம். தேர்ச்சி வந்தபின் விருப்பம் பிறப்பதும் அதே அளவு உண்மை. அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

உளவியல் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பால் ஓகீஃப், கரோல் ட்வெக், கிரிகரி வால்டன் ஆகிய மூவரும் 2018இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்புபவர்களையும், ஆர்வம் வளர்த்தெடுக்கக்கூடியது என்று நம்புபவர்களையும் அது ஒப்பிட்டது. முதல் வகையினர் தமக்குப் பழக்கமான துறைக்கு வெளியே எதைக் கொடுத்தாலும் குறைவான ஆர்வமே காட்டினார்கள். ஒரு சோதனையில், பிரபஞ்சம் பற்றிய சுவையான காணொளியைப் பார்த்து ஈர்க்கப்பட்டவர்களிடம் கருந்துளை பற்றிய கடினமான அறிவியல் கட்டுரையைக் கொடுத்தார்கள். படிப்பது சிரமமானதும், ஆர்வத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்பியவர்களின் ஈடுபாடுதான் அதிகமாகச் சரிந்தது. சரியான லட்சியம் கிடைத்துவிட்டால் களைப்பே வராது என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். களைப்பு வந்ததும், இது நம்முடையது இல்லைபோலும் என்று நகர்ந்துவிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவி, அங்கும் முதல் சிக்கலில் மனம் உடைந்துபோகும் இளைஞர்களின் நிலை இதுதான். சோம்பல் என்று அவர்களைத் திட்டுகிறோம். கடினமாக இருந்தால் அது உன் பாதை இல்லை என்று அவர்களை நம்பவைத்தது யார் என்று யோசிப்பதில்லை.

'இகிகை' என்ற பெயரில் தமிழ்ப் புத்தகக் கடைகள் வரை வந்துவிட்ட நான்கு வட்டப் படமும் இந்த நம்பிக்கையைத்தான் விற்கிறது. பிடித்தது, கைவந்தது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது ஆகிய நான்கும் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடி என்கிறது அந்தப் படம். அது ஜப்பானிய மரபில் இருந்து வந்ததே இல்லை. ஸ்பெயின் நாட்டு ஜோதிடர் ஒருவரின் படத்தில், பிரிட்டனைச் சேர்ந்த வலைப்பதிவர் ஒருவர் 2014இல் அந்த ஜப்பானியப் பெயரை ஒட்டியதால் பிறந்தது. ஜப்பானில் இகிகை குறித்து 1966இல் முக்கியமான நூலை எழுதிய மியெகோ கமியா, தொழுநோயாளிகள் தனித்து வைக்கப்பட்டிருந்த நாகஷிமா தீவு மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர். வாழ்வே வெறுமையாகிவிட்டதாக உணர்ந்தவர்களையும், அதே சூழலில் வாழ்வதற்குப் பொருள் கண்டவர்களையும் அவர் அங்கே சந்தித்தார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே அவருடைய கேள்வி. எந்தத் தெரிவும் இல்லாதவர்கள் நடுவே எழுந்த கேள்வியை, எல்லாத் தெரிவும் உள்ளவர்களுக்கான வேலை தேடும் சூத்திரமாக நாம் சுருக்கிவிட்டோம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, மேதைகளைப் பற்றியது. சீனிவாச ராமானுஜன் கணக்கைத் தவிர வேறெதையும் நினைக்காதவர். மற்றப் பாடங்களில் தோற்றுக் கல்லூரியை இழந்தவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த பிறகும் கணக்கை விடாதவர். அவருக்குள் லட்சியம் முன்பே இருக்கவில்லையா? இருந்திருக்கலாம். ஆனால், அவரை உருவாக்கியதில் பதின்வயதில் கைக்குக் கிடைத்த ஜி.எஸ். கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைவிட முக்கியம், விதிவிலக்கை விதியாக்கக் கூடாது என்பது. லட்சத்தில் ஒருவருக்கு நிகழ்வதை மற்ற எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பதால்தான் விடை தெரியாத பிள்ளைகள் தங்களைக் குறையுள்ளவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே இரவில் அழைப்பு வந்ததாகச் சொல்லப்படும் ஐடா ஸ்கடரையும் சிலர் காட்டுவார்கள். அந்த இரவைக் கூர்ந்து பார்த்தால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. திண்டிவனத்தில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களின் குடும்பத்தினர், ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை ஏற்க மறுத்து, இளம்பெண்ணான அவரிடம் உதவி கேட்டார்கள். மருத்துவம் படிக்காத அவரால் எதுவும் செய்ய முடியவில்லை, மூவரும் இறந்தார்கள். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவரை மாற்றியது அவருடைய உள்மன ஆராய்ச்சி இல்லை, வாசலில் வந்து நின்ற தேவை. அதன்பின் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, வேலூரில் சிறு மருந்தகத்தில் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை உருவாக்கும் வரையிலான நெடும் உழைப்புதான் அந்த இரவுக்கே பொருள் தந்தது.

அக வாழ்க்கைக்கு இடமே இல்லையா என்பது இரண்டாவது மறுப்பு. வெங்கடசாமி அரவிந்தரின் நெறியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மருத்துவமனைக்கே அரவிந்தரின் பெயரைத்தான் வைத்தார். தம்மைத் தாமே உற்றுநோக்கும் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. அந்த ஆன்மிகம் அவருக்கு எப்படி வேலை செய்வது என்பதைக் கற்றுத்தந்தது; எந்த வேலையைச் செய்வது என்பதைக் கண்புரை நோயாளிகள் சொன்னார்கள். பொறுமை, அகந்தை குறைவது, பிறர் துயரைத் தன் துயராக எண்ணுவது ஆகியவற்றுக்கு உள்நோக்கிய பார்வை தேவை. குறிப்பிட்ட ஒரு தொழிலின் பெயரை அதனிடம் கேட்டால் அது மௌனமாகத்தான் இருக்கும். ஒருவர் தன் இயல்பை அறிந்துகொள்வதும் பயனுள்ளதே; ஆனால் கூட்டத்தோடு வேலை செய்வது ஒத்துவருமா, தனியே செய்வது ஒத்துவருமா என்பதைக்கூட இரண்டையும் செய்துபார்த்துத்தானே அறிய முடிகிறது?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தமிழ்நாட்டில் அதைத் தவிர்க்கவே முடியாது. 'கிடைத்த வேலையில் உழை, நோக்கம் தானே வரும்' என்பது, 'பிறந்த குலத்தின் தொழிலைச் செய், அதிலேயே மனநிறைவு அடை' என்ற பழைய உபதேசத்தின் புதிய வடிவம் இல்லையா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதிப் பொழுது பள்ளி, மீதிப் பொழுது பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று அதை மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டுதான் என் வாதத்தின் எல்லையை வகுக்க வேண்டும். வெங்கடசாமியும் ஐயரும் தாம் செய்த வேலைக்குள் அடைக்கப்பட்டவர்கள் இல்லை. விரும்பினால் விலகிப்போகவும் முடிந்தவர்கள். விலக வழியற்ற இடத்தில் நடக்கும் உழைப்பை நோக்கம் என்று அழைப்பது ஏமாற்று. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி மனிதர்கள் சாகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இயந்திரமும் மாற்று வேலையும். செய்யும் தொழிலை நேசிக்கச் சொல்லும் போதனையை அவர்களிடம் கொண்டுபோவது கொடுமை.

இதே எச்சரிக்கையோடுதான் ஏமி ரெஸ்னியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் செய்த ஆய்வையும் படிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், தரை துடைப்பதோடு நிற்காமல் நோயாளிகளிடம் பேசுவதையும் அவர்களின் தேவைகளைக் கவனிப்பதையும் தாங்களாகவே வேலையில் சேர்த்துக்கொண்டதையும், நோய் தீர்வதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கருதியதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. நிர்வாகங்கள் இதைக் கேட்டு மகிழ்ந்து, சம்பளத்தை உயர்த்தாமல் உற்சாகத்தை மட்டும் உயர்த்தப் பார்க்கின்றன. ஆய்வு காட்டும் உண்மை வேறு. வேலையைச் சற்றே தன் போக்கில் வளைத்துக்கொள்ளும் சுதந்திரமும், அதன் பயனைப் பெறும் மனிதரோடு நேரடித் தொடர்பும் கிடைத்த இடத்தில்தான் நோக்கம் துளிர்க்கிறது. அதிகாரமும் மரியாதையும் மறுக்கப்பட்டவரிடம் நோக்கத்தை மட்டும் எதிர்பார்ப்பது, விதைக்காத வயலில் அறுவடைக்கு ஆள் அனுப்புவதற்குச் சமம்.

நோக்கமுள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்கிறார்களே, அப்படியானால் அதைச் சீக்கிரமே தேடிப் பிடிப்பதுதானே புத்திசாலித்தனம் என்றும் கேட்கலாம். பேட்ரிக் ஹில், நிக்கலஸ் டுரியானோ ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாழ்வில் நோக்கம் இருப்பதாகச் சொன்னவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. இளையவர், முதியவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே நோக்கம் எளிதில் வாய்க்கிறது என்ற சாத்தியத்தை இத்தகைய ஆய்வுகளால் முழுதாக விலக்க முடியாது. அதை ஒதுக்கிவிட்டாலும், நோக்கம் நல்லது என்பதைத்தான் அது சொல்கிறது. அதைப் பெறும் வழி சுயபரிசோதனைதான் என்று சொல்லவில்லை. வயது வேறுபாடு இல்லை என்ற முடிவு உண்மையில் ஆறுதல் தருவது. அறுபதுக்குச் சற்று முன்னால் ஒருவர் 11 படுக்கைகளோடு தொடங்கியதை நினைத்தால், பதினேழில் விடை தெரியாதது ஒரு குற்றமே இல்லை என்பது விளங்கும்.

ஆகவே மாற வேண்டியது இளைஞர்களின் மனம் மட்டும் இல்லை. அவர்களைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளும்தான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினைந்து வயதில் எடுக்கும் பாடப்பிரிவு, பல கதவுகளை ஒரேயடியாக மூடிவிடுகிறது. வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு உயிரியல்மீது பின்னால் ஆர்வம் பிறந்தால் திரும்பிவர வழி மிகக் குறைவு. கல்லூரியில் முதல் ஆண்டுக்குப் பிறகு துறை மாறுவதும் அரிதான சலுகையாகவே இருக்கிறது. நோக்கம் செய்து பார்ப்பதில்தான் உருவாகிறது என்றால், செய்து பார்த்துவிட்டு மாறுவதற்குத் தண்டனை இருக்கக் கூடாது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் என்று நல்ல கட்டமைப்பைத் தருகிறது. பல கல்லூரிகளில் அது மரக்கன்று நடுவதும் ஊர்வலம் போவதும் சான்றிதழ் வாங்குவதுமாகச் சுருங்கிவிட்டது. ஒரே கிராமத்தின் ஏரியையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ இரண்டு ஆண்டும் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுத்தால், ஒரு தேவை எப்படி மனிதரைப் பற்றிக்கொள்கிறது என்பதை அவர்களே அறிவார்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை சேர்ந்த துறை பிடிக்கவில்லை என்று ஆறு மாதத்தில் சொன்னால், பொறுத்திருந்து கற்கச் சொல்வது நியாயம். கற்றுத் தேர்ந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், விலகும்போது துணை நிற்பதும் அதே அளவு நியாயம். விரும்பியது கிடைக்காமல் போனவர்களிடம், அதோடு எல்லாம் முடிந்தது என்ற இரங்கற்பா பாடாமல் இருப்பதே பெரிய உதவி. நீட் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு வெங்கடசாமியின் கதையில் உண்மையான ஆறுதல் இருக்கிறது. அடைபட்ட வழிக்குப் பிறகும் தேவைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன; அவற்றில் ஒன்றைத் திறமையோடு செய்யக் கற்றுக்கொண்டவரைத் தேடி நோக்கம் வரும். இளைஞர்களிடம் லட்சியமே இல்லை என்று குறைசொல்லும் உரிமை, அவர்கள் ஒரு வேலைக்குள் நுழையவும், அதில் நிலைத்துக் கற்கவும், வேண்டாமென்றால் மானத்தோடு விலகவும் வாசலைத் திறந்துவைத்த சமூகத்துக்குத்தான் உண்டு. அந்த உரிமையை நாம் இன்னும் சம்பாதிக்கவில்லை.